பார்க்க மட்டும்

இன்னும் மஞ்சள்தான், சிவப்பாகவில்லை. மஞ்சள் என்றால் கவனி என்று அர்த்தம். கவனித்துக்கொண்டுதானே இருக்கிறேன், பஸ் ஏறியதிலிருந்து வேறென்ன செய்கிறேன், முன்வாசலில் கட்டியிருக்கும் வாழைக்கன்றின் இலை கிழிந்து கிழிந்து ஜன்னல் வழியே என் கன்னத்தில் அடிக்கிறது, தள்ளிவிடுகிறேன், போனைப் பார்க்கிறேன், தள்ளிவிடுகிறேன், பார்க்கிறேன். சர்வருக்குள் போகும் காற்றின் சூடு நாற்பத்தொன்று. காலையில் இருபத்திரண்டு. விசிறிகள் எல்லாம் முழு வேகம். முழு வேகத்தில் சுற்றி என்ன, மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்னால் எவ்வளவு தூரம் ஓடுவாய், இதைத்தான் காலையில் மாசிலாமணி அண்ணனிடம் கேட்டேன், ஆய்வகப் பொறுப்பாளர் அவர்தான், அண்ணே மாலையை முன்பக்கம் போடாதீங்க, காத்து அந்த வழியாத்தான் உள்ள போகுது, மேல வைங்க என்று. பூக்கட்டிய நாரைப் பல்லால் கடித்துக்கொண்டே சிரித்தார். "ஏம்மா அரசி, சாமிக்கே ரூல்ஸ் போடுறியா? மாலைய முகத்துக்குப் போடாம முதுகுக்கா போடுவாங்க?" எல்லாரும் சிரித்தார்கள். நீரியல் துறையின் மொத்த ஆராய்ச்சியும் ஓடுகிற சர்வர் அது, ஆள் உயர இரும்பு அலமாரிக்குள், அதற்கு எந்தப் பக்கம் மூச்சு என்று தெரியாதவர்கள் யாரும் அந்த அறையில் இல்லை, தெரிந்துதான் சிரித்தார்கள், அதுதான் எனக்கு எரிகிறது. சந்தனம், குங்குமம், ரோஜாவும் சம்பங்கியும் நெருக்கிக் கட்டிய மாலை, அதன் மேல் பேராசிரியர் வீட்டிலிருந்து வந்த பட்டுத் துண்டு. பிறகு சூடம் கொளுத்தினால் ஏசிக் காற்றில் நிற்கவில்லை. கொளுத்துகிறார்கள், அணைகிறது, கொளுத்துகிறார்கள், அணைகிறது. நல்லாயில்லையே சார் என்றது ஒரு குரல். "ஏசிய அமத்துங்கப்பா, ரெண்டு நிமிஷம்" என்றார் பேராசிரியர் திருவேங்கடம், துறைத் தலைவர், என் வழிகாட்டி. அமர்த்தினார்கள். சூடம் நின்று எரிந்தது. கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஆயுத பூஜை இனிதே முடிந்தது, பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு கதவைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த ரெண்டு நிமிஷம் இன்னும் முடியவில்லை.

நான் அறைக்குள் இல்லை, இதெல்லாம் வாசலில் நின்று பார்த்தது. ரூம் சின்னது, லேடீஸ் எல்லாம் வெளிய நின்னு கும்பிடுங்கம்மா. கோலம் போட மட்டும் காலை ஏழு மணிக்கே வா என்றார்கள், போட்டேன், போட்ட கோலத்துக்கு இந்தப் பக்கம் நின்றேன், ஏசி திரும்ப உறுமும் சத்தம் வரவில்லை என்பது இப்போது, மானாமதுரை தாண்டி, இந்த இலை அறைகிற அறையில்தான் உறைக்கிறது. பக்கத்து சீட்டு அம்மா மடியில் பொரிப்பையை வைத்துக்கொண்டு என் போனையே எட்டிப் பார்க்கிறாள். "ஏந்தாயி, ஏறுனதுலருந்து அதையே மொறைக்கிற. அவரா?" இல்லங்க. "கோவத்தப் பாத்தா அவருதான்." மிஷினுங்க, காலேஜ் மிஷின், சூடாகுது. "இன்னைக்கி மிஷினு, புஸ்தகம் ஒண்ணயும் தொடக் கூடாதுல்ல? விஜயதசமி கழிச்சுத்தான எடுக்கணும்?" தொடலங்க, பாக்கிறேன், பாக்க மட்டும்தான் முடியும். "அப்பச் சரி" என்று ஒரு கைப்பிடி பொரியை என் கையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அப்பச் சரியாம். யாருக்குச் சரி? மாசிலாமணி அண்ணனுக்கு எத்தனை தடவை அடித்தாயிற்று, மணி போகிறது, எடுக்கவில்லை. வாசல் காவலரைப் பிடித்தேன். "சாவி மாசிலாமணி தம்பிகிட்டல்ல இருக்கு, சார் சொல்லாம பூட்ட ஒடைக்கச் சொல்றியாம்மா, எனக்கு வேல வேணாமா?" அவர் சொல்வதில் தப்பில்லை, அவரிடம் கத்தியது என் தப்பு, இல்லை, கத்தவில்லை, சத்தமாகப் பேசினேன், நான் பேசினாலே கத்துகிறேன் என்பார்கள். பேராசிரியர் போனை வெட்டிவிட்டு ஒரு வரி அனுப்பினார். பூஜையில் இருக்கிறேன்மா, நாளைக்குப் பேசலாம். நாளைக்கு. நாளைக்கு எதைப் பேசுவது, பாலூற்றுவதைப் பற்றியா?

நாற்பத்திரண்டு. இந்த எண்ணை நான் பார்க்கிறேன் என்பதே நான் சண்டை போட்டு வாங்கியது. சர்வருக்குள் சர்வரைப் பார்த்துக்கொள்வதற்கென்றே ஒரு சின்னச் சில்லு இருக்கிறது. சர்வர் அணைந்து கிடந்தாலும் அது விழித்திருக்கும். சூடு எவ்வளவு, விசிறி சுற்றுகிறதா, எந்த டிஸ்க் முனகுகிறது எல்லாம் அதற்குத் தெரியும், எங்கிருந்தாலும் அதனிடம் கேட்கலாம், அணை என்றால் அணைக்கும், எழுப்பு என்றால் எழுப்பும், அறைக்குப் போக வேண்டியதே இல்லை. அதற்கென்று தனி வயர் குத்தும் ஓட்டை, சர்வர் வந்த நாளிலிருந்து காலியாகக் கிடந்தது, சிலந்திகூடக் கூடு கட்டியிருந்தது. துறைக் கூட்டத்தில் எழுந்து கேட்டேன். ஆறு மணிக்கு மேல் பெண்கள் ஆய்வகத்தில் இருக்கக் கூடாது என்கிறீர்கள், விடுதிக் கதவைச் சாத்துகிறீர்கள், சரி, ஏழு மணிக்கு என் கணக்கு நின்றுபோனால் ஆண்கள் விடுதியிலிருந்து ஒருவர் மனம் வைத்து லுங்கியை மாற்றிக்கொண்டு போகும்வரை நான் காத்திருக்க வேண்டுமா, ஒரு வயரைக் குத்தினால் விடுதியிலிருந்தே நானே எழுப்பிக்கொள்வேனே. பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் துடைத்தால் இல்லை என்று அர்த்தம். "பொம்பளப் புள்ளைக்கி எதுக்கும்மா ராத்திரியெல்லாம் இந்த டென்ஷன்? அதுக்குத்தான மாசிலாமணி இருக்கான்." விடவில்லை. அடுத்த கூட்டத்திலும் கேட்டேன், அதற்கடுத்ததிலும் கேட்டேன், நான் எழுந்தாலே நாற்காலிகள் கிறீச்சிடும், அரசி உத்தரவு ஆரம்பம் என்று முணுமுணுப்பு கேட்கும், மங்கையர்க்கரசி என்று அப்பா வைத்த பேர், அதை வெட்டிக் கேலியாக்கி என் முன்னாலேயே உருட்டினார்கள், உருட்டட்டும், வயரைக் குத்த வைத்தேன். குத்தினார்கள். எனக்கு ஒரு கணக்கும் திறந்து தந்தார்கள். திறந்து பார்த்தால் என் பேருக்கு நேரே, பார்க்க மட்டும். அணைக்கும் பொத்தான் இருக்கிறது, வெளிறிப்போய், அழுத்தினால் அசையாது. ஏன் அண்ணே என்றால், "பாக்கணும்னுதான கேட்ட?" நான் அப்படியா கேட்டேன்? நான் கேட்டது என்ன, கொடுத்தது என்ன? அம்மா வார்டு மெம்பர், ஓட்டு வாங்கி ஜெயித்தவள், கூட்டத்தில் பேசுவது அப்பா, அம்மா பின்னால் நாற்காலி நுனியில் உட்கார்ந்து முந்தானையைத் திருகிக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பாள், வீட்டுக்கு வந்து ஏம்மா வாயைத் திறக்கவில்லை என்றால், நான்தான் அங்கயே இருந்தேன்ல, எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன் என்பாள், பெருமையாக வேறு. எனக்கு அந்தப் பெருமை வேண்டாம். சூடு ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கிற பெருமை. இதற்குக் கண்ணைக் கட்டிவிட்டிருந்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன், தெரியாமல் வீட்டுக்குப் போய் சுண்டல் தின்றிருப்பேன்.

வண்டி நிற்கிறது. யாரோ பூசணிக்காய் உடைத்திருக்கிறார்கள் நடுரோட்டில், குங்குமம் அப்பிய சதைமேல் ஏறி முன்னால் போன பைக் வழுக்கியிருக்கிறது, டிரைவர் இறங்கிப்போய் வைகிறார். காற்று நின்றதும் பஸ்ஸுக்குள் அனல். அங்கேயும் இப்படித்தான் இருக்கும், இதைவிட அதிகம், சம்பங்கி வெந்து நாறும். வேகட்டும். ஆமாம், வேகட்டும் என்றுதான் தோன்றுகிறது, நான் ஏன் பதற வேண்டும், மாலையோடும் பட்டோடும் அது உட்கார்ந்து வெந்து சாகட்டும், நாளை மறுநாள் கதவைத் திறந்து மூக்கைப் பொத்தட்டும், அப்போது நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன், மாலையைக் காட்டுவேன், விரலால் மட்டும். ஆனால் உள்ளே ஓடிக்கொண்டிருப்பது என் கணக்கு. கடல் எங்கள் ஊருக்குக் கீழே எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, இன்னும் எவ்வளவு வரும், எந்தக் கிணறு முதலில் உப்பாகும், அந்தக் கணக்கு. மூன்று வாரமாக நிற்காமல் ஓடுகிறது, நாளை மதியம் முடியும், வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு முன்னால் அதைத்தான் வைக்க வேண்டும், வைக்காவிட்டால் அடுத்த பருவம்தான், அதற்குள் அப்பா இன்னொரு ஜாதகத்தோடு வருவார். நடுநடுவே சேமித்து வைக்கலாம், நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும், எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்வார்கள், எங்கள் துறையில் செய்யக் கூடாது, இடமில்லை. ஏன் இடமில்லை? நகல் எடுத்து வைக்கும் டிஸ்க் முழுக்கப் பேராசிரியர் மகள் கல்யாண வீடியோ. மூன்று கேமரா, டிரோன் தனி. இதையும் கூட்டத்தில் கேட்டேன், அன்றைக்குக் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தார். ஆக இப்போது அணைத்தால் என் மூன்று வாரம் போச்சு. அணைக்காவிட்டால் நாளை மதியம்வரை தாங்கும் என்று வைத்துக்கொள், தாங்கினாலும் தாங்கும், இயந்திரங்கள் சமயத்தில் மனிதர்களைவிட ரோசமானவை. தாங்காவிட்டால் டிஸ்க். போன கோடையில் ஏசி கெட்டபோது இரண்டு டிஸ்க் ஒன்றாகப் போயின, மாற்று வரவே இல்லை, இன்னொன்று போனால் மொத்தமும் போகும், என்னுடையது மட்டுமில்லை, ஜெசிந்தாவுடையதும். ஜெசிந்தா எனக்கு அடுத்த வருஷம் சேர்ந்தவள், நிறைமாதத்தில் கடற்கரைக் குப்பங்கள் எல்லாம் ஏறி இறங்கி, கிணறு கிணறாக வாளி விட்டு உப்பை அளந்தவள், அவள் லேப்டாப் படகில் இருந்து தண்ணீருக்குள் போயிற்று, அளந்ததெல்லாம் அந்த சர்வரில்தான், அங்கே மட்டும்தான். "அக்கா, நீங்கதான் எப்பவும் பாத்துக்கிட்டே இருப்பீங்களே, எனக்குப் பயமே இல்ல" என்றாள் பிரசவத்துக்குப் போகும்போது. பார்த்துக்கிட்டே இருப்பீங்களே. இவளுமா? இவளும் அந்த வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போனாள். என் கணக்கு என்னுடையது, எரிந்தால் என் வயிறு எரியும், அதை வைத்து நான் சண்டை போடலாம். அவளுடைய வாளியை வைத்து நான் எப்படிப் போடுவது.

நாற்பத்துநான்கு, சிவப்பு. பஸ் நகர்ந்துவிட்டது, இலை அறைகிறது. டிஸ்க்குகள் ஐம்பத்தெட்டு, ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது. வெளியிலிருந்து சர்வருக்குள் நுழையும் வாசலை விடுமுறைக்கென்று கணினி மையம் சாத்திவிட்டது, என் கணக்கை நானே போய் நிறுத்தக்கூட வழியில்லை, இந்தச் சில்லின் வாசலை மட்டும் மறந்துவிட்டார்கள், அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்கு நினைவில்லை. வாட்ஸப்பில் மாசிலாமணி அண்ணன் போட்ட படம் இருக்கிறது, நம்ம சாமி என்று எழுதிக் கும்பிடு போட்டு, கீழே வரிசையாகக் கும்பிடுகள். அதை எடுத்து வைத்துக்கொள்கிறேன், வெள்ளிக்கிழமை குழு முன்னால் என் கணக்குக்குப் பதிலாக இதைக் காட்டுகிறேன், இதோ அய்யா என் முடிவுகள். மாலை எவ்வளவு மூடியிருக்கிறது என்று விரலால் விரித்துப் பெரிதாக்குகிறேன், முழுசாக மூடியிருக்கிறது, மேலே பட்டு, மாலையை எதில் மாட்டியிருக்கிறார்கள், ஆணி கிடையாதே, சர்வரின் முகத்தில் நாக்கு மாதிரி இழுத்தால் வரும் பிளாஸ்டிக் பட்டை ஒன்று இருக்குமே, அதை வெளியே இழுத்து அதில் மாட்டியிருக்கிறார்கள். கொக்கி என்று நினைத்துவிட்டார்களா? கொக்கியாகத் தொங்குகிறது, அதில் அச்சடித்த எழுத்துகள், ஒரு ஓரம் சந்தனம். இன்னும் விரிக்கிறேன். தொழிற்சாலையில் ஒட்டி அனுப்பிய பேர், அதன் கீழே பாஸ்வேர்டு. இந்தச் சில்லின் நிர்வாகிக்கான பாஸ்வேர்டு. வாங்கியதும் மாற்ற வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் முதல் பக்கத்தில் போட்டிருப்பார்கள். மாசிலாமணி அண்ணன் மாற்றியிருக்க மாட்டார். எனக்குத் தெரியும், வயரே குத்தாதவர் பாஸ்வேர்டையா மாற்றியிருப்பார். எனக்குத் தர முடியாது, பாதுகாப்பு, ரகசியம் என்றார்களே, அதற்குச் சந்தனம் தடவி மாலை போட்டுப் படம் எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வருகிறது, வாய்விட்டுச் சிரித்துவிட்டேன் போல, பக்கத்து அம்மா கண்ணைத் திறந்து, "சமாதானமாயிட்டீயளா?" என்கிறாள். ஆகலங்க, இப்பத்தான் ஆரம்பிக்குது. ஒவ்வொரு எழுத்தாக அடிக்கிறேன், பஸ் குலுங்கி ஒன்று தப்புகிறது, மறுபடி முதலிலிருந்து, திறக்கிறது. திறந்துவிட்டது. பொத்தான் வெளிறிப்போய் இல்லை, கருகருவென்று நிற்கிறது, அணை. அழுத்து. அழுத்தலாம். என் மூன்று வாரம். அழுத்து. விரல் அதன்மேல் நிற்கும்போது இன்னொன்று குத்துகிறது, இதை அழுத்தினால் சில்லு குறித்துக்கொள்ளும், யார் அணைத்தது என்று, நிர்வாகி என்று குறித்துக்கொள்ளும், நிர்வாகி என்றால் மாசிலாமணி. வெள்ளிக்கிழமை டீக்கடையில் பேச்சு எப்படி இருக்கும், மாசிலாமணி எங்கயோ கோயில்ல இருந்துக்கிட்டே மிஷினக் காப்பாத்திட்டான்யா, அவன்தான்யா ஆளு. இல்லை, பேராசிரியர் பூஜையில் இருந்ததைத் தொட்டது யார் என்று குதித்தால் நான் கைகட்டி நிற்கலாம், எனக்குத் தெரியாது சார், எனக்குப் பார்க்க மட்டும்தானே. அம்மாவின் குரல் வருகிறது, நல்லதாப்போச்சு விடுடி, யாரு செஞ்சா என்ன, காரியம் நடந்தாச் சரி, உனக்கெதுக்கு வம்பு. யாரு செஞ்சா என்ன. அப்படித்தானே அம்மா நீ முந்தானையைத் திருகினாய். ஐம்பத்தொன்பது, ஐம்பத்தொன்பது, அறுபது. உள்ளே இருக்கும் பேர்கள் பக்கத்தைத் திறக்கிறேன். இரண்டே வரி, நிர்வாகி, அரசி. என் வரியில் அந்தக் கட்டம், பார்க்க மட்டும், தொடுகிறேன், கீழே விரிகிறது, முழு அனுமதி, அது அங்கேயே இருந்திருக்கிறது, எனக்கு இரண்டு வருஷம் மறுத்தது ஒரு விரல் நகர்த்தும் தூரத்தில் இருந்திருக்கிறது. சேமி. வட்டம் சுற்றுகிறது. ஜன்னலுக்கு வெளியே சீமைக்கருவேலம், இரண்டு பக்கமும் கருவேலம், சிக்னல் ஒரு கோடு, அதுவும் இல்லை, சுற்றுகிறது, அடச்சே எந்த ஆணவத்துக்கு இந்த நேரத்தைத் தின்றேன், பேரா முக்கியம், ஜெசிந்தாவின் வாளியைவிட என் பேரா, பைத்தியமா நான், இல்லை, பேர்தான் முக்கியம், இல்லை, ஐயோ சுற்றாதே, பரமக்குடி நெருங்குகிறது, ஒரு செல் டவர் விளக்கு தெரிகிறது, இரண்டு கோடு. சேமிக்கப்பட்டது. வெளியே வருகிறேன், என் பேரில் உள்ளே போகிறேன், என் பொத்தானும் கருப்பு. உறுதிதானா என்று கேட்கிறது. இந்தப் பல்கலைக்கழகத்தில் என்னிடம் முதல்முறையாக ஒரு கேள்வி, பதிலுக்குக் காத்துக்கொண்டு. ஆம்.

விசிறிகள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன, பாதி, கால், பூஜ்யம். டிஸ்க்குகள் அறுபதில் நின்று, ஐம்பத்தொன்பது. மிச்சமிருக்கும் டிஸ்க் எல்லாம் பச்சை. என் கணக்கு இருந்த இடத்தில் எதுவுமில்லை, சில்லு மட்டும் விழித்துக்கொண்டு எனக்கு எண் சொல்லிக்கொண்டிருக்கிறது. அழவில்லை. பொரி கையில் ஊறிப்போயிருக்கிறது, வியர்வையில், அதைத் தின்றேன். அப்போதுதான் போன் அடித்தது, மாசிலாமணி அண்ணன். "அரசி, போன வண்டிலயே வச்சுட்டுக் குலசாமி கோயிலுக்குள்ள போயிட்டேன், என்னம்மா இத்தன மிஸ்டு கால், என்னாச்சு?" சொன்னேன். மாலை, ஏசி, சூடு, அணைத்தது, சத்தமாகத்தான் சொன்னேன், கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். "ஏசிய நான்தான் அமத்துனேன்" என்றார். பிறகு, "உன் கணக்கு?" போச்சுண்ணே. "வெள்ளிக்கிழம?" அதுவும். "சே." நிஜமாகத்தான் சொன்னார், கெட்ட மனுஷர் இல்லை, என் கணக்கு நடுவில் நின்ற நாட்களில் எனக்காக லுங்கியை மாற்றிக்கொண்டு போயிருக்கிறார், அதுதான் இன்னும் கோபம், கெட்டவராக இருந்தால் எவ்வளவு வசதி. "சரி, இங்க பாரு, சார்கிட்ட கரண்ட் போயிருச்சுன்னு சொல்லிக்கலாம். பூஜையில இருந்தத நீ தொட்டன்னு தெரிஞ்சா உனக்குத்தான் பொல்லாப்பு, அவரப் பத்தித்தான் தெரியும்ல." கரண்ட் போகலண்ணே. நான் அணைச்சேன். அதுல என் பேரு விழுந்திருக்கு. "அது கெடக்கு விடு, உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், ராத்திரி உள்ள போயி அத நான் அழிச்சு விட்டுர்றேன், அட்மின் நான்தான?" போனைக் காதிலிருந்து எடுத்துக் கண்ணுக்கு முன்னால் பிடித்தேன். பேர்கள் பக்கத்தைத் திறந்தேன், இரண்டு வரிகள். மேலே இருந்த நிர்வாகி வரியின் கட்டத்தைத் தொட்டேன், விரிந்தது, பார்க்க மட்டும் என்பதைத் தேர்ந்தேன், சேமித்தேன், இந்த முறை வட்டம் சுற்றவே இல்லை. "இல்லண்ணே" என்றேன், "இப்ப நீங்க பாக்கலாம். நாளைக்கி மாலைய எடுத்துட்டு, ஏசியப் போட்டுட்டு போன் பண்ணுங்க. நான் எழுப்புறேன்."